பிரேக்கில் வைத்த கால்

வலது கால் பெருவிரலில் இருந்து தொடை வரைக்கும் நடுங்கிக்கொண்டிருந்தது. பிக்கப்பின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் சாரதி ஆசனத்தில் இருந்தேன். என் புருசன் மரியதாஸ் அதே பிக்கப்புக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிடந்தார்.

"பிலோ, பிரேக்கில இருந்து காலை எடுத்திடாதேயும்."

"எடுக்கேல்லை."

"எடுத்தீரெண்டால் என்ர கதை முடிஞ்சுது."

பகிடி என்று நினைத்துத்தான் சொன்னார். கீழே அவர் சிரிக்கிற சத்தமும் கேட்டது. நான் மிதியை இன்னும் இறுக்கினேன்.

இந்தத் தொடரைத் தொடக்கத்தில் இருந்து வாசித்து வருகிறவர்களுக்கு நான் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்று தெரியும். இடிக்குப் பயம். லிஃப்டுக்குப் பயம். விடியற்காலையில் ரெலிபோன் அடித்தால் பயம். "அம்மா, நீங்கள் பயப்படாத ஒன்றைப் பற்றியும் ஒருநாள் எழுதுங்களேன்" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். எழுதலாம்தான். முதலில் அப்படி ஒன்று நடக்கவேண்டுமே!

ஆயுட்கால எண்ணெய்

இவருக்குத் தொழில் படகு எஞ்சின் திருத்துவது. துறைமுகப் பக்கம் சின்னதாய் ஒரு பட்டறை இருக்கிறது. ஆனால் பாதி வேலை வெளியில்தான். கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் புல்மோட்டை வரைக்கும் கூப்பிடுவார்கள். ஸ்பேனர், சுத்தியல் என்று தன் ஆயுதங்களைப் பிக்கப்பில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுவார்.

முன்பு இருந்த பிக்கப்புகள் எல்லாம் காலால் கிளச் மிதித்துக் கையால் கியர் போடுபவை. இவருக்கு முழங்கால் தேயத் தொடங்கியதும் டொக்டர் கிளச் வேண்டாம் என்றுவிட்டார். அதனால்தான் தானாகக் கியர் மாறும் இந்த வெள்ளைப் பிக்கப் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆரோ ஓடிக் கழித்தது. ஆனாலும் நல்ல வாகனம்தான், புல்மோட்டை ரோட்டில் அந்தப் பின்னேரம் வரும்வரைக்கும்.

அன்றைக்கு நானும் கூட இருந்தேன். அங்கே ஒரு ஞானஸ்நான வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். வெயில் சரிந்துவிட்டது. காட்டு ஓரத்தில், ரோட்டில் இருந்து பத்தடி தள்ளி, ஒரு தனியன் யானை நின்றது. இவர் வேகத்தைக் குறைத்து மெதுவாகக் கடக்கப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பிக்கப் குலுங்கியது. குளிர்காய்ச்சல்காரனுக்கு உடம்பு தூக்கிப் போடுமே, அப்படி. எஞ்சின் இரைகிறது. வாகனம் அசையவில்லை.

"என்னப்பா?"

"கியர் வழுக்குது. பேசாமல் இரும்."

யானை காதை ஒருதரம் அடித்தது. நான் கண்ணை மூடி அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினேன். பாதியில் வசனம் மறந்துவிட்டது. ஐம்பது வருசமாகச் சொல்லி வந்த செபம்! பிறகு ஒரு உதறலோடு கியர் பிடித்து வாகனம் நகர்ந்தது. யானை எங்களைக் கணக்கெடுக்கவே இல்லை.

மறுநாள் கொழும்பு ஏஜென்டுக்குப் போன் எடுத்துக் கேட்டார். கியர் பொக்ஸ் எண்ணெய் ஆயுட்காலத்துக்கும் போதும், மாற்றத் தேவையில்லை என்று அங்கே ஒரு பிள்ளை பவ்வியமாகச் சொன்னது. ஆருடைய ஆயுட்காலம் என்று நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். எண்ணெயின் ஆயுளா, வண்டியின் ஆயுளா, அல்லது யானைக்கு முன்னால் நிற்கிற எங்கள் ஆயுளா? மாற்றத்தான் வேண்டும் என்றால் கொண்டுவந்து விடுங்கள், சில நாள் நிற்க வேண்டும் என்றது அந்தப் பிள்ளை.

சீசன் நேரத்தில் சில நாளைக்கு வண்டியை விட இவரால் ஏலாது. அதோடு கொழும்புக்குப் போவதென்றால் வழுக்குகிற கியரோடு யானைகள் திரியும் ஹபறணைக் காட்டைத் தாண்ட வேண்டும். அதற்கு நானே சம்மதிக்கவில்லை.

"நானே மாத்திறன்," என்றார். "எத்தினை எஞ்சினைப் பிரிச்சுப் பூட்டின கை இது!"

அந்த நேரம் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பாருங்கள், என் புத்தியை.

அண்ணரின் பாதங்கள்

வாகனத்துக்கு அடியில் மனிதர் படுப்பதை நான் ஏன் பார்க்கமாட்டேன் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். என் அண்ணர் லொறி ஓடினார். ஒருநாள் மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொண்டு போனேன். துறைமுகத்துக்குக் கிட்ட, கடற்கரை மணலில் லொறி நின்றது. ஜாக் கொடுத்து ஒரு பக்கத்தை உயர்த்தியிருந்தார்கள். அடியில் இருந்து அண்ணரின் இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. குதிக்காலில் கிறீஸ் அப்பியிருந்தது.

"அண்ணை, சாப்பாடு," என்றேன்.

அந்தப் பாதங்களில் ஒன்று எனக்குப் பதில் சொல்கிற மாதிரி ஆடியது. அப்போதுதான் ஜாக் மணலுக்குள் புதைந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. லொறி களைத்துப்போய்க் குந்துவது போல மெல்லப் பதிந்தது. பாதங்கள் இரண்டும் ஒருதரம் விறைத்தன.

அண்ணர் சாகவில்லை. மணல் என்பதால் தப்பினார். தோள் எலும்பு நொறுங்கிப் பொருந்தியது, இப்போதும் மாரி காலத்தில் கடுக்கும் என்பார். அவர் அதை மறந்துவிட்டார். நான்தான் மறக்கவில்லை. ரோட்டோரத்தில் ஆராவது வாகனத்துக்கு அடியில் கிடந்தால் நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு போவேன். இவருக்கும் அது தெரியும்.

உருட்டுக் கட்டை

எங்கள் வீடு ஓர்ஸ் ஹில்லில், உட்துறைமுகத்தைப் பார்த்த சரிவில் இருக்கிறது. சீமெந்து முற்றம் வாசலில் தொடங்கி கேற் வரைக்கும் சரிந்து இறங்கும். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது பந்து ஒன்று கைதவறினால் ரோட்டைத் தாண்டித்தான் நிற்கும்.

எண்ணெய் மாற்றும் விதத்தை இவர் போனில் பார்த்துப் பாடமாக்கியிருந்தார். ஆரோ ஒரு வெள்ளைக்காரன் செய்து காட்டினான். அவனுடைய கராஜின் தரை பந்து வைத்தாலும் உருளாத மட்டம். இந்தக் கியர் பொக்ஸுக்கு அளவு பார்க்கும் குச்சி கிடையாது. வாகனம் மட்டமாக நிற்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும், கியர்களை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும், எண்ணெய் உள்ளே இழுபட இழுபட இன்னும் ஊற்ற வேண்டும், கடைசியில் அடியில் உள்ள ஒரு திருகாணியைக் கழற்றி எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், சொட்டினால் அளவு சரி.

சரிவான முற்றத்தை இவர் எப்படி மட்டமாக்கினார்? படகுக்காரன் மூளைதான். பிக்கப்பின் மூக்கை கேற் பக்கம் பார்க்க நிறுத்தி, முன் சில்லுகள் இரண்டையும் பழைய ரயில் சிலிப்பர் கட்டைகளின் மேல் ஏற்றினார். மட்டம் வந்துவிட்டது. சில்லு உருளாமல் இருக்க அதற்கு முன்னால் என்ன வைத்தார் தெரியுமா? பட்டறையில் கிடந்த இரண்டு உருட்டுக் கட்டைகள். படகைக் கரைக்கு ஏற்றும்போது அடியில் போடுவார்களே, உருண்டையாகச் சீவின பனங்கட்டை, அது. உருட்டுவதற்கென்றே செய்த கட்டையை உருளாமல் தடுக்க வைத்த மனிதரை நீங்கள் வேறெங்கும் காணமாட்டீர்கள்.

"இது தாங்குமோ?" என்று கேட்டேன்.

"ஒன்றரைத் தொன் படகு தாங்குது."

"ஹாண்ட்பிரேக்?"

"அது உப்புக் காத்தில இறுகிப் போச்சு. பிறகு பாப்பம்."

"வேறை ஆரையாவது கூப்பிடுங்கோவன். பட்டறையில பொடியன்மார் நிக்கிறாங்கள்தானே?"

"நீர் வந்து ஏறும்," என்றார்.

எனக்கு வாகனம் ஓடத் தெரியாது. அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் வேலை செய்த காலம் முழுக்க பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போய் வந்தவள் நான். எந்த மிதி பிரேக், கியர் நெம்பை எப்படி நகர்த்துவது என்று முதல்நாள் பின்னேரம் சொல்லித் தந்தார். நெம்பில் நாலு எழுத்து. மேலே ‘பி’, அதுதான் பூட்டு. அடுத்து ‘ஆர்’, பின்னுக்குப் போவது. பிறகு ‘என்’. கடைசியில் ‘டி’, முன்னுக்குப் போவது.

எஞ்சின் இரைச்சலில் கதை எப்போதும் சரியாகக் கேட்காது என்று தட்டல் கணக்கு வைத்துக்கொண்டோம். கடலில் படகுக்குக் கீழே இறங்கி வேலை செய்கிறவர்கள் அடிப்பலகையில் தட்டித்தான் மேலே உள்ளவரோடு பேசுவார்களாம். ஒருதரம் தட்டினால் அடுத்த எழுத்து. இரண்டுதரம் தட்டினால் எஞ்சினை நிற்பாட்ட வேண்டும்.

"நான் தட்டாமல் நீர் ஒண்டிலயும் கை வைக்கக் கூடாது."

தலையை ஆட்டினேன். பழைய எண்ணெயை முதலே வடித்துவிட்டார். தார் மாதிரிக் கறுப்பு, பொரித்துக் கருகிப்போன மணம். புது எண்ணெய் மூடின கறுப்பு பிளாஸ்டிக் கான்களில் இருந்தது. பம்பையும் எடுத்துக்கொண்டு அவர் அடியில் போனார். முழங்கால் நோகுது, ஒவ்வொரு கியருக்கும் வெளியால் வந்து வந்து போக ஏலாது, உள்ளேயே கிடக்கிறேன் என்றார்.

கியர் மாற்றும்போது அடியில் ஒரு ஈ காக்கையும் இருக்கக் கூடாது என்று பிறகு ஒரு மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். படகில் எஞ்சின் ஓட ஓடப் பக்கத்தில் நின்றே கியர் போட்டுப் பழகியவர் இவர். படகுக்குச் சில்லு இல்லை என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மூன்றாவது தட்டல்

ஒரு தட்டல். ‘ஆர்’. வாகனம் பின்னுக்கு ஒரு துடிப்புத் துடித்தது. மிதியை இறுக்கினேன். நின்றது.

கீழே பம்ப் அடிக்கிற சத்தம். கண்ணாடியில் தொங்கின செபமாலை எஞ்சினோடு சேர்ந்து நடுங்கியது. எனக்கு வியர்வை இமையில் இறங்கியது, துடைக்கக் கை வரவில்லை.

இன்னொரு தட்டல். ‘என்’. ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் மூச்சு விட்டேன்.

மூன்றாவது தட்டல். ‘டி’.

காலை எடுக்கவில்லை. இதை நான் எந்தச் சாமிக்கு முன்னாலும் சொல்லுவேன். ஆனாலும் பிக்கப் முன்னுக்கு ஒரு இழுப்பு இழுத்தது. விரற்கடை அளவுதான். முன்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். அடுத்த கணம் அந்த உருட்டுக் கட்டைகளில் ஒன்று என் கண்ணுக்கு முன்னாலேயே முற்றத்தில் உருண்டு போவதைக் கண்டேன். மெதுவாகத் தொடங்கி, பிறகு வேகமெடுத்து, திறந்து கிடந்த கேற்றைத் தாண்டி, ரோட்டில் விழுந்து மறைந்தது. மற்றக் கட்டை நிற்கிறதா போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

"இஞ்சேருங்கோ!" என்று கத்தினேன். "கட்டை உருண்டு போட்டுது! வெளியால வாங்கோ!"

பதில் இல்லை. படகு எஞ்சின்களோடு மாரடித்து இவருக்கு ஒரு காது மந்தம். அந்தக் காதை என் பக்கம் வைத்துப் படுத்தாரோ என்னவோ.

"இஞ்சேருங்கோ!"

பம்ப் சத்தமும் நின்றுவிட்டது. தட்டலும் இல்லை.

அப்போதுதான் அதைக் கண்டேன். பிக்கப்பின் மூக்குக்குக் கீழே இருந்து சிவப்பாக ஒரு கோடு புறப்பட்டு, வெள்ளைச் சீமெந்தில் கேற் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல சிவப்பு. முதலில் ஒரு விரல் அகலம். பிறகு ஒரு கை அகலம்.

எடுக்கவும் ஏலாது

வாசகர்களே, புதுக் கியர் எண்ணெய் சிவப்பு நிறம் என்று உங்களில் பல பேருக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. நான் கண்டது கறுப்பு எண்ணெய். எண்ணெய் என்றால் கறுப்பு. சிவப்பு என்றால் ஒன்றுதான்.

என் உடம்பு முழுக்கக் கதவைத் திறந்து இறங்கி ஓடப் பார்த்தது. கை கதவுப் பிடியில் போய்விட்டது. கால் மட்டும் வரவில்லை. காலை எடுத்தால் வண்டி சிலிப்பர் கட்டையில் இருந்து இறங்கி அவர் மேல் ஏறும். எடுக்காவிட்டால் அவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க ஏலாது. எடுத்தால் நான் கொல்லுவேன். எடுக்காவிட்டால், அவர் செத்துக்கொண்டிருந்தால், நான் அந்தக் கதிரையில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நெம்பை ‘பி’க்குத் தள்ளியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் மகளும் கேட்டாள். ‘பி’க்குப் போவதென்றால் ‘ஆர்’ஐத் தாண்டித்தான் போகவேண்டும். ‘ஆர்’இல் பின்னுக்குத் துடித்ததை நான் கண்டேன்தானே. அவருடைய கை எங்கே கிடக்கிறது, தலை எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் நான் எப்படி அதைத் தொடுவேன்? சாவியும் அப்படித்தான், அவர் இரண்டுதரம் தட்டவில்லையே.

அதனால் மிதித்தேன். வலது காலுக்கு மேலே இடது காலையும் போட்டு மிதித்தேன். முதுகை ஆசனத்தில் கொடுத்துத் தள்ளி மிதித்தேன். கெண்டைக்காலில் நரம்பு இழுத்துக்கொண்டது. நோவில் கண்ணீர் வந்தது, நோவில்தானா என்று தெரியாது. மாதாவே, மாதாவே என்று மட்டும் வாய் சொன்னது. சிவப்பு கேற்றைத் தொட்டது.

நிசாம் தம்பி

கேற்றில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கிண்ணியாவில் இருந்து மீன் கொண்டுவரும் நிசாம். ஒரு கையில் எங்கள் உருட்டுக் கட்டை.

"அக்கா, இந்தக் கட்டை ஒங்கடயா? ரோட்டால உருண்டு வந்திச்சு. கொஞ்சத்தில நான் விழப் பாத்தன்."

"தம்பி! கட்டையை விடுங்கோ! இவர் கீழ கிடக்கிறார், ரத்தம் ஓடுது! ஓடி வந்து பாருங்கோ தம்பி, நான் காலை எடுக்க ஏலாது!"

நிசாம் சிவப்பைக் கண்டான். மோட்டார் சைக்கிளை அப்படியே சரித்துவிட்டு ஓடி வந்தான். பெட்டி கவிழ்ந்து சூடை மீன் ரோட்டில் கொட்டியது. சாரத்தை மடித்துக்கொண்டு முற்றத்தில் குப்புற விழுந்து அடியில் பார்த்தான். எனக்கு அவனுடைய இரண்டு பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு சத்தமும் வரவில்லை. என் வாழ்க்கையில் நான் எத்தனையோ விதமாகப் பயந்திருக்கிறேன். அந்த மௌனத்தைப் போல ஒன்றுக்கும் பயந்ததில்லை. இவர் இல்லாத வீடு, இவர் இல்லாத குசினி மேசை, இவர் இருமாத இரவு, எல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வந்து போனது.

"அக்கா," என்று நிசாமின் குரல் வந்தது. "அண்ணன் ஏசிட்டுக் கெடக்காரு."

"என்ன?"

"எண்ணெய்க் கான் பெரண்டு கொட்டிட்டாம். ஏசுறாரு."

"மூச்சு விடுறாரோ?"

"மூச்சு விடாம எப்பிடி அக்கா ஏசுற?"

இரண்டு தட்டல் கேட்டது. சாவியைத் திருப்பி எஞ்சினை நிற்பாட்டினேன். நிசாம் ஓடிப்போய் இரண்டு கருங்கல்லைத் தூக்கி வந்து சில்லுகளுக்கு முன்னால் அடைத்தான். இவர் முதுகால் ஊர்ந்து வெளியே வந்தார். கழுத்தில் இருந்து வயிறு வரைக்கும் சிவப்பு. அது எண்ணெய் என்று அப்போது எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினேன்.

கதவைத் திறந்து கையை நீட்டி நெம்பை ‘பி’யில் போட்டார்.

"சரி, இப்ப காலை எடும்."

எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. இரும்பை ஒட்டி வைத்த மாதிரி இரண்டு காலும் மிதியில் இருந்தன.

"பிலோ, எடும். எல்லாம் சரி."

"ஏலாமல் கிடக்கு," என்றேன். அழத் தொடங்கிவிட்டேன்.

அவர் சீமெந்தில் முழங்காலில் இருந்தார். நோகிற முழங்கால்தான். ரோட்டில் சிதறின சூடையைப் பொறுக்க நிசாம் கேற் பக்கம் போய்விட்டான். இவர் எண்ணெய்க் கையால் என் கெண்டைக்காலைப் பிடித்து, முதலில் இடது காலையும் பிறகு வலது காலையும் மெல்லத் தூக்கி வெளியே வைத்தார். தேய்த்துவிட்டார். நான் அவரை அடித்தேன். தோளில், தலையில், கைக்கு எட்டின இடத்தில் எல்லாம்.

"ஏன் என்னைப் போட்டனீங்கள்? பட்டறையில அவ்வளவு பொடியன்மார் இருக்க, ஒண்டும் தெரியாத என்னை ஏன் ஏத்தினனீங்கள்?"

கையைத் தடுக்காமல் அடியை வாங்கிக்கொண்டார்.

"பொடியங்களுக்குப் பயம் இல்லை, பிலோ," என்றார். "போன் அடிச்சால் எடுப்பாங்கள். ஆரும் கூப்பிட்டால் எட்டிப் பாப்பாங்கள். நீர் பயந்த ஆள். செத்தாலும் காலை எடுக்கமாட்டீர் எண்டு எனக்குத் தெரியும்."

கல்யாணம் முடித்த நாளில் இருந்து என் பயத்தை வைத்து என்னைப் பகிடி பண்ணின மனிதர் இவர். சபையில், சொந்தக்காரர் முன்னால், பிள்ளைகள் முன்னால். அதே மனிதர் அந்தப் பயத்துக்கு அடியில்தான் போய்ப் படுத்திருக்கிறார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. கோபம்தான் வந்தது. கோபத்துக்கு உள்ளே வேறு ஏதோவும் இருந்தது, அதற்கு இன்றைக்கும் என்னால் பெயர் சொல்ல ஏலாது.

"இனி ஒருநாளும் என்னை நம்பிப் படுக்காதீங்கோ," என்றேன்.

"ஒருநாளும் இல்லை," என்றார். பிறகு பிக்கப்பைத் திரும்பிப் பார்த்தார். "ஆனால் இப்ப கொட்டினதுக்குப் பதிலாப் புதுசை ஊத்திப் போட்டு, சொட்டுதோ எண்டு ஒருக்கால் பாக்கவேணும். எஞ்சின் ஓடவேணும். ‘பி’யில நிக்கட்டும். கல்லும் இருக்கு."

நிசாம் கேற்றடியில் நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

நான் ஏறினேன். சாவியைத் திருப்பினேன். அவர் திரும்பவும் அடியில் போனார். பம்ப் சத்தம் தொடங்கியது. கொஞ்சத்தில் அவர் கீழே இருந்து கத்தினார், "பிலோ, ‘பி’யில நிக்கேக்க பிரேக் மிதிக்கத் தேவையில்லை! காலை எடும்!"

நான் எடுக்கவில்லை.